திறக்காமல் கண்ட கணக்கு

நுழையும்முன்

உடலின் உள்ளே நோய் எங்கிருக்கிறது என்பதை அறிய, உடலைத் திறந்து பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லாத காலம் ஒன்று இருந்தது. இன்று திறக்காமலே காணும் கருவிகள் வந்துவிட்டன. அக்கருவிகளுக்கு மின்னணுவியல் கண்ணாக அமைகிறது. கண்டதைப் படமாக்கித் தரும் அறிவாகக் கணிதம் அமைகிறது. அந்தக் கணிதத்திற்கு அரிய பங்களிப்பைச் செய்தவர் அறிவியல் அறிஞர் ஜி. என். இராமச்சந்திரன். அவருடைய வாழ்வையும் பணியையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

உப்பு மணியும் ஊடுருவும் கதிரும்

சென்னையிலிருந்து புதுச்சேரிக்குச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், விழுப்புரம் மாவட்டத்தின் கடலோரத்தில் அமைந்துள்ளது மரக்காணம். சாலையின் ஓரத்திலிருந்தே உப்பளங்கள் தெரியும். வரப்பு கட்டிச் சதுரம் சதுரமாகப் பிரித்த பாத்திகளில் உவர்நீர் பாய்ச்சப்படும். வெயில் ஏற ஏற நீர் வற்றும். நீர் வற்ற வற்ற உப்பு பூக்கும். தொழிலாளர் அதனைப் பலகையால் வாரி வரப்பின்மீது வெண்குவியலாகச் சேர்ப்பர். அக்குவியலிலிருந்து ஒரு மணியை எடுத்து உள்ளங்கையில் வைத்து உற்று நோக்கினால், அதன் முகங்கள் சதுரமாக இருப்பதைக் காணலாம். எவரும் செதுக்காத அந்த மணிக்குச் சதுர வடிவம் எங்கிருந்து வந்தது?

இவ்வினாவுக்கு 1913ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் விடை கிடைத்தது. வில்லியம் லாரன்ஸ் பிராக் என்னும் இளைஞர், உப்புப் படிகத்தின்மீது எக்ஸ் கதிர்கள் பட்டுச் சிதறும் முறையைக் கணக்கிட்டு, சோடியமும் குளோரினும் மூன்று திசைகளிலும் மாறி மாறி அடுக்கப்பட்டிருப்பதைக் கண்டறிந்தார். உப்பு மணியை அவர் உடைத்துப் பார்க்கவில்லை. அணுவை எவரும் கண்ணால் கண்டதுமில்லை. வெளியே வந்த கதிரின் அளவுகளைக் கொண்டு உள்ளே இருக்கும் அமைப்பை அவர் கணக்கால் வரைந்தார். இதற்காகத் தந்தையோடு சேர்ந்து 1915இல் நோபல் பரிசு பெற்றபோது அவருக்கு வயது 25.

உள்ளே உள்ளதை வெளியில் கிடைக்கும் அளவுகளால் அறிதல் என்னும் இந்த ஒரு சிந்தனையே ஜி. என். இராமச்சந்திரனின் வாழ்நாள் பணிக்கும் அடிப்படையாயிற்று. படிகத்தில் தொடங்கிய அச்சிந்தனையை அவர் புரதத்திற்குக் கொண்டு சென்றார். பின்னர் மனித உடலைப் படம் பிடிக்கும் கணக்கிற்கும் கொண்டு சென்றார்.

மின்பொறியியலிலிருந்து இயற்பியலுக்கு

இராமச்சந்திரன் 1922ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள் எர்ணாகுளத்தில் பிறந்தார். தந்தை நாராயண ஐயர் அங்குள்ள மகாராஜா கல்லூரியில் கணிதப் பேராசிரியராக விளங்கியவர். மகனுக்குக் கணக்கின் சுவையை ஊட்டியவரும் அவரே. பள்ளிப் பாடத்தைத் தாண்டிய கணக்குகளை விடுவிப்பது அச்சிறுவனுக்கு விளையாட்டாக இருந்தது. திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்று, 1942இல் சிறப்பு இளங்கலைப் பட்டம் பெற்றார்.

அதே ஆண்டில் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் மின்பொறியியல் துறையில் சேர்ந்தார். அந்நாளில் அந்நிறுவனத்தின் இயற்பியல் துறையில் சர் சி. வி. இராமன் ஒளிவீசிக் கொண்டிருந்தார். இளைஞரின் ஆற்றலை உணர்ந்த இராமன் அவரைத் தம் துறைக்கே அழைத்துக் கொண்டார். மின்பொறியியலை விட்டு வந்தபோதிலும், கருவிகளின் உள்ளமைப்பை அறியும் ஆர்வம் இராமச்சந்திரனை விட்டு நீங்கவில்லை. படிகங்களின் ஒளியியலிலும் எக்ஸ் கதிர் ஆய்விலும் ஈடுபட்டு, 1947இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் அறிவியல் முனைவர் பட்டம் பெற்றார்.

பின்னர்க் கேம்பிரிட்ஜ் சென்று கேவண்டிஷ் ஆய்வகத்தில் ஈராண்டுகள் ஆய்வு செய்தார். அந்த ஆய்வகத்திற்கு அப்போது தலைவராக இருந்தவர், உப்பின் அமைப்பைக் கண்ட அதே லாரன்ஸ் பிராக். அங்கே லைனஸ் பாலிங்கின் சொற்பொழிவுகளைக் கேட்கும் வாய்ப்பும் அவருக்குக் கிட்டியது. உயிருள்ள பொருள்களின் மூலக்கூறுகளும் படிகங்களைப் போலவே ஓர் ஒழுங்குக்கு உட்பட்டவை என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் வேரூன்றியது. 1949இல் முனைவர் பட்டத்துடன் தாயகம் திரும்பினார்.

சென்னையில் ஓர் ஆய்வகம்

சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக அக்காலத்தில் விளங்கியவர் மருத்துவ அறிஞர் ஆ. இலட்சுமணசாமி முதலியார். பல்கலைக்கழகத்தில் இயற்பியல் துறையைத் தொடங்கி நடத்த அவர் முதலில் இராமனையே அழைத்தார். இராமன் அதனை ஏற்காமல், தம் மாணவரைப் பரிந்துரைத்தார். அவ்வாறு 1952இல், முப்பது வயதளவில், இராமச்சந்திரன் துறைத் தலைவராகப் பொறுப்பேற்றார்.

ஆய்வகத்தைப் புதிதாகக் கட்டியெழுப்ப வேண்டியிருந்தது. மேலைநாட்டு ஆய்வகங்களில் இருந்த வசதிகளோடு ஒப்பிட்டால் சென்னையில் இருந்தவை சிலவே. எனவே, எந்த வினாவை எடுத்துக்கொள்வது என்பதைத் தெரிவு செய்வதிலேயே தலைவரின் திறமை அடங்கியிருந்தது. அவ்வேளையில் சென்னைக்கு வந்த ஆங்கில அறிஞர் ஜே. டி. பெர்னால், கொலாஜன் என்னும் புரதத்தின் அமைப்பு இன்னும் விளங்கவில்லை என்பதைச் சுட்டினார். தோல், எலும்பு, தசைநாண் ஆகியவற்றுக்கு உறுதி தருவது கொலாஜன். நம் உடலில் மிகுதியாக உள்ள புரதமும் அதுவே.

இராமச்சந்திரனும் அவருடன் பணியாற்றிய கோபிநாத் கர்த்தாவும், கங்காருவின் வால் தசைநாணிலிருந்து கிடைத்த கொலாஜனை எக்ஸ் கதிரால் ஆராய்ந்தனர். மூன்று இழைகள் ஒன்றோடொன்று முறுக்கிக் கொண்ட கயிறு போன்றது அதன் அமைப்பு என்னும் முடிவுக்கு வந்தனர். 1954இல் நேச்சர் இதழில் அவ்வாய்வு வெளிவந்தது. மறு ஆண்டே அவ்வமைப்பை மேலும் திருத்தி, சுருளுக்குள் சுருளாக முறுக்குண்ட வடிவத்தை வெளியிட்டனர்.

குறை சுட்டியதால் பிறந்த வரைபடம்

புகழ் வந்த கையோடு எதிர்ப்பும் வந்தது. டி.என்.ஏ.யின் அமைப்பைக் கண்டவர்களுள் ஒருவரான பிரான்சிஸ் கிரிக்கும், அலெக்சாண்டர் ரிச்சும் 1955இல் கொலாஜன் குறித்துத் தம் ஆய்வை வெளியிட்டனர். முச்சுருள் அமைப்பை அவர்களும் ஏற்றனர். ஆயின், சென்னை மாதிரியில் சில அணுக்கள் இருக்கக்கூடாத அளவுக்கு நெருங்கியுள்ளன என்றும், இழைகளைப் பிணைக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகளின் எண்ணிக்கை வேறு என்றும் வாதிட்டனர்.

இத்தகைய மறுப்பு ஒரு சிறிய ஆய்வகத்தின் ஊக்கத்தைக் குலைத்துவிடக் கூடியது. இராமச்சந்திரன் அதனை வேறு வகையில் எடுத்துக்கொண்டார். இரண்டு அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்பதற்குத் தெளிவான அளவுகோல் இருக்கிறதா என்று அவர் தம்மையே வினவிக் கொண்டார். இல்லை என்று கண்டதும், அந்த அளவுகோலை உருவாக்குவதையே அடுத்த பணியாக்கினார். அதுவரை வெளிவந்த படிக அமைப்புகளை அவருடைய குழுவினர் தொகுத்து, அணுக்களிடையே உள்ள இடைவெளிகளை அட்டவணைப்படுத்தினர்.

புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் திரும்பக்கூடிய கோணங்கள் இரண்டு உண்டு. அவற்றுக்கு ஃபை, சை எனப் பெயர். இவ்விரு கோணங்களையும் இரண்டு அச்சுகளாகக் கொண்டு வரைந்தபோது, அணுக்கள் மோதாமல் அமையக்கூடிய பகுதிகள் சிலவே என்பது புலப்பட்டது. சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் இராமச்சந்திரன் 1963இல் வெளியிட்ட அவ்வரைபடம், இராமச்சந்திரன் வரைபடம் என்றே உலகெங்கும் வழங்குகிறது. இன்றும் ஒரு புரதத்தின் அமைப்பைக் கண்டறிவோர் அதன் செம்மையைச் சரிபார்க்க இவ்வரைபடத்தையே நாடுகின்றனர். குறை சுட்டியவர்களுக்கு அவர் தந்த விடை, சினமாக அன்றி அறிவியலாக அமைந்தது.

மண்டை ஓட்டுக்குள் மறைந்த நோய்

இராமச்சந்திரனின் மற்றொரு பெரும்பணியின் அருமையை உணர வேண்டுமானால், அக்கால மருத்துவரின் இடர்ப்பாட்டை முதலில் அறிய வேண்டும். வழக்கமான எக்ஸ் கதிர்ப் படத்தில் எலும்பு தெளிவாகத் தெரியும். ஆனால், முன்னே உள்ளதும் பின்னே உள்ளதும் ஒன்றின்மேல் ஒன்றாக விழுவதால், மண்டை ஓட்டுக்குள் இருக்கும் மென்மையான மூளை தனித்துத் தெரியாது. மூளையில் கட்டி இருக்கிறதா என்று அறிய, முதுகுத்தண்டின் வழியே காற்றைச் செலுத்திப் படமெடுக்கும் முறை ஒன்று இருந்தது. நோயாளிக்கு அது கடுமையான தலைவலியையும் துன்பத்தையும் தந்தது. அதிலும் தெளிவு கிட்டாதபோது மண்டை ஓட்டைத் திறந்தே பார்க்க நேர்ந்தது.

இச்சிக்கலைக் கருவியின் பக்கத்திலிருந்து அணுகியவர் இங்கிலாந்தின் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு. அவர் மருத்துவர் அல்லர், மின்னணுப் பொறியாளர். இரண்டாம் உலகப் போரின்போது வான்படையில் ராடார் கருவிகளோடு பழகியவர், இ.எம்.ஐ. நிறுவனத்தில் டிரான்சிஸ்டர்களால் இயங்கும் கணிப்பொறியை வடிவமைத்த குழுவுக்குத் தலைமை ஏற்றவர். தலையைப் பல கோணங்களிலிருந்து மெல்லிய கதிரால் ஊடுருவி, ஒவ்வொரு முறையும் எவ்வளவு கதிர் வெளிவருகிறது என்பதை எண்ணாகப் பதிந்து, அவ்வெண்களிலிருந்து உட்புறத்தின் படத்தைக் கணிப்பொறியால் வரைவது அவருடைய திட்டம்.

வெளிவரும் கதிரை எண்ணாக மாற்றியதில் மின்னணுவியலின் நுட்பம் அடங்கியிருந்தது. கதிர் ஒரு படிகத்தின்மீது படும். படிகம் நுண்ணிய ஒளியை உமிழும். அவ்வொளியை ஓர் ஒளிப்பெருக்கிக் குழாய் மின்துடிப்பாக மாற்றும். மின்சுற்று அதனை அளந்து எண்ணாக்கும். தொடக்கக் கருவிகளில் இடம்பெற்ற அப்படிகம் சோடியம் அயோடைடு. நாம் உண்ணும் உப்பாகிய சோடியம் குளோரைடுக்கு அது நெருங்கிய உறவு.

ஆய்வகத்தில் செய்த முதல் சோதனையில் அளவுகளை எடுக்கவே ஒன்பது நாள்கள் ஆயின. பின்னர் அமைந்த கருவியில், ஒரு கோணத்துக்கு 160 அளவுகள் வீதம் 180 கோணங்களில் 28,800 அளவுகள் சில நிமிடங்களில் எடுக்கப்பட்டன. 1971ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள், இலண்டனில் உள்ள அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் ஒரு பெண்மணியின் தலை முதன்முதலாக இவ்வாறு படமெடுக்கப்பட்டது. மூளையில் இருந்த நோய் திறக்காமலே தெரிந்தது.

உப்பளத்தில் ஒரு கணக்கு

ஆயிரக்கணக்கான எண்களிலிருந்து படத்தை மீட்பது எப்படி? அதற்கான கணித அடிப்படையை ஆஸ்திரியக் கணித அறிஞர் யோகான் ராடான் 1917லேயே நிறுவியிருந்தார். ஆலன் கார்மாக் 1963இலும் 1964இலும் தம் முறையை வெளியிட்டார். எனினும், விரைவாகவும் துல்லியமாகவும் கணக்கிடும் எளிய வழி தேவைப்பட்டது. எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களிலிருந்து முப்பரிமாண வடிவை மீட்கும் பணியில் அப்போது ஃபூரியர் உருமாற்றம் என்னும் நீண்ட கணக்கீடு பயன்பட்டு வந்தது. அக்காலக் கணிப்பொறிகளுக்கு அது பெரும் சுமை. இராமச்சந்திரனும் அவருடைய மாணவர் ஏ. வி. இலட்சுமிநாராயணனும் அந்தச் சுற்றுவழியைத் தவிர்க்க முயன்றனர்.

அவர்கள் கண்ட வழியை மரக்காணத்து உப்பளத்தைக் கொண்டே விளங்கிக் கொள்ளலாம். மூன்று வரிசை, மூன்று நிரை என ஒன்பது பாத்திகள் உள்ளன. நடுப்பாத்தியில் மட்டும் ஒன்பது மூட்டை உப்பு இருக்கிறது, மற்றவை வெறுமை. அளத்துக்குள் செல்ல நமக்கு அனுமதி இல்லை. ஒவ்வொரு வரிசையிலும், ஒவ்வொரு நிரையிலும், இரு மூலைவிட்டத் திசைகளிலும் மொத்தம் எத்தனை மூட்டை என்பது மட்டுமே தெரியும். நடுவழியே செல்லும் நான்கு கோடுகளின் மொத்தமும் ஒன்பது. பிற கோடுகளின் மொத்தம் சுழியம்.

ஒன்பதை அக்கோட்டின் மூன்று பாத்திகளுக்கும் சமமாகப் பகிர்ந்தால், பாத்திக்கு மூன்று வரும். நான்கு திசைகளிலும் இவ்வாறு பகிர்ந்து கூட்டினால், நடுப்பாத்தியில் 12 என்றும் சுற்றியுள்ள எட்டுப் பாத்திகளிலும் 3 என்றும் கிடைக்கும். நடுவில் உப்பு உண்டு என்பது தெரிகிறது. ஆனால், வெறும் பாத்திகளிலும் இல்லாத உப்பு இருப்பதாகத் தோன்றுகிறது. மருத்துவப் படத்தில் இத்தோற்றமே மங்கலாகும். சிறிய கட்டியின் விளிம்பை அம்மங்கல் மறைத்துவிடும்.

இராமச்சந்திரனின் முறை, பகிர்வதற்கு முன்பே அளவுகளைத் திருத்துகிறது. நடுக்கோட்டுக்குப் பாத்திக்கு மூன்று எனப் பகிரும்போதே, அதனை ஒட்டிய இருபுறக் கோடுகளுக்கும் பாத்திக்கு ஒன்று எனக் கழிக்க வேண்டும். இப்போது கூட்டினால், நடுவில் 12 அப்படியே நிற்கும்; அதை அடுத்துள்ள நான்கு பாத்திகளில் போலி உப்பு முழுவதும் மறைந்து சுழியமாகும்; மூலைப் பாத்திகளில் 3 என்பது 1 ஆகக் குறையும். கோணங்களின் எண்ணிக்கை கூடக்கூட எஞ்சிய போலித் தோற்றமும் தேயும்.

எந்த அண்டை அளவை எவ்வளவு கழிப்பது என்பதற்கு அவர்கள் துல்லியமான விதி தந்தனர். ஓர் அளவின் எடையை 1 எனக் கொண்டால், அதற்கு அடுத்த அளவுக்கு ஏறத்தாழ -0.405, இரண்டாவதற்குச் சுழியம், மூன்றாவதற்கு -0.045, நான்காவதற்கு மீண்டும் சுழியம். பெருக்கலும் கூட்டலும் மட்டுமே தெரிந்த கணிப்பொறிக்கும் எட்டக்கூடிய கணக்கு இது. வானொலி வானியலில் பிரேஸ்வெல், ரிடில் ஆகியோர் இதையொத்த வழியை 1967இல் கண்டிருந்தனர். படிகவியலிலிருந்து வேறு பாதையில் நடந்து இராமச்சந்திரனும் இலட்சுமிநாராயணனும் இம்முடிவை அடைந்தனர். அவர்களுடைய கட்டுரை அமெரிக்கத் தேசிய அறிவியல் கழக இதழில் 1971 செப்டம்பரில் வெளிவந்தது. இலண்டனில் முதல் நோயாளி படமெடுக்கப்பட்டது அதற்கடுத்த மாதம்.

பெயரும் பயனும்

ஹவுன்ஸ்ஃபீல்டின் முதல் கருவி வேறொரு கணக்கு முறையில் இயங்கியது. அடுத்தடுத்து வந்த கருவிகள், அளவுகளைத் திருத்திப் பகிரும் முறைக்கு மாறின. நோயாளி படுக்கையிலிருந்து எழுவதற்குள் படத்தைத் தரும் விரைவு அதனால் வாய்த்தது. அத்திருத்த விதி, இருவர் பெயரின் முதற்பகுதிகளையும் இணைத்து ராம்-லாக் வடிப்பான் என மருத்துவப் படவியல் நூல்களில் இன்றும் குறிக்கப்படுகிறது.

1979ஆம் ஆண்டு சி.டி. ஸ்கேன் கருவிக்காக மருத்துவ நோபல் பரிசு ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் கார்மாக்குக்கும் வழங்கப்பட்டது. இராமச்சந்திரனுக்கு நோபல் பரிசு கிட்டவேயில்லை. கருவியை உருவாக்கியவர் அவர் அல்லர். அந்த உரிமையை அவர் கோரவுமில்லை. ஆனால், ஒரு மருத்துவக் கருவி என்பது ஒருவர் கையால் மட்டும் ஆவதன்று. கதிரை உமிழ்பவர், அதனை மின்துடிப்பாக்குபவர், அத்துடிப்பை எண்ணாக்குபவர், எண்ணைப் படமாக்குபவர் எனப் பலர் உழைப்பு அதில் கலந்துள்ளது. அவர்களுள் கடைசி இடத்தில், கண்ணுக்குத் தெரியாமல் நிற்பவர் இராமச்சந்திரன்.

சென்னையை விட்டு நீங்கிய அவர், சிகாகோ பல்கலைக்கழகத்திலும் பணியாற்றினார். பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் மூலக்கூறு உயிர் இயற்பியல் துறையை நிறுவினார். 1961இல் பட்நாகர் விருதும், 1977இல் இலண்டன் இராயல் கழகத்தின் உறுப்பினர் தகுதியும், 1999இல் பன்னாட்டுப் படிகவியல் ஒன்றியத்தின் எவால்டு பரிசும் அவரை வந்தடைந்தன. இறுதிக் காலத்தில் நடுக்குவாத நோய் அவரை வாட்டியது. 1998இல் மனைவி இராஜலட்சுமியின் மறைவு பெருந்துயர் தந்தது. 2001ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் சென்னையில் அவர் மறைந்தார்.

மரக்காணத்தின் கடற்கரைச் சாலையில் விபத்தில் சிக்கித் தலையில் அடிபட்டவரை இன்று மருத்துவமனைக்குக் கொண்டு சென்றால், மருத்துவர் முதலில் கேட்பது சி.டி. படம். மூளைக்குள் குருதி கசிந்துள்ளதா, எங்கே, எவ்வளவு என்பது சில நிமிடங்களில் தெரிந்துவிடுகிறது. அந்தப் படத்தைக் கையில் வாங்கும் உறவினருக்கு அதன் பின்னே உள்ள கணக்கு தெரியாது. தெரிய வேண்டிய கட்டாயமும் இல்லை. சோற்றில் கரைந்த உப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை. இல்லாதபோதுதான் அதன் அருமை விளங்கும். இராமச்சந்திரனின் கணக்கும் அத்தகையதே.

தெரிந்து தெளிவோம்

சி.டி. படத்தில் ஒவ்வொரு புள்ளியின் அடர்த்தியையும் குறிக்கும் அலகுக்கு ஹவுன்ஸ்ஃபீல்டு அலகு என்று பெயர். இவ்வளவுகோலில் நீரின் மதிப்பு 0. காற்றின் மதிப்பு -1000. எலும்பு உயர்ந்த நேர்மதிப்பைப் பெறும். கொழுப்பு எதிர்மதிப்பைப் பெறும்.

கற்பவை கற்றபின்

1. ஒன்பது பாத்திகளைத் தாளில் வரைந்து, மூலைப் பாத்தி ஒன்றில் மட்டும் உப்பு இருப்பதாகக் கொண்டு, திருத்தாமல் பகிர்ந்தும் திருத்திப் பகிர்ந்தும் விடைகளை ஒப்பிடுக.

2. தம் ஆய்வின் குறையைப் பிறர் சுட்டியபோது இராமச்சந்திரன் நடந்துகொண்ட முறையை உம் அனுபவத்தோடு பொருத்தி ஒரு பக்க அளவில் எழுதுக.

3. உங்கள் பகுதியில் நடைபெறும் தொழில் ஒன்றில் மறைந்துள்ள அறிவியல் உண்மையைக் கண்டறிந்து வகுப்பில் கலந்துரையாடுக.